வளைவில் ஒரு நொடி

மார்ச் 4, செவ்வாய்

டயர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. எழுதிப் பழக வேண்டியிருப்பதால் இன்று எடுத்துப் பிரித்தேன். நடந்ததை விளக்கி ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் கிளை மேலாளர். பத்து நாள் கெடு. இருபத்து நான்கு வருடமாக பஸ் ஓட்டுகிறேன், அதில் பதினேழு வருடம் பொள்ளாச்சி–வால்பாறை. இத்தனை வருடத்தில் கையெழுத்தைத் தவிர பெரிதாக எதுவும் எழுதியதில்லை.

நடந்தது இதுதான். ஞாயிறு காலை ஒன்பதே முக்கால். ஆழியாறு தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தேன். பதினான்காவது கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது வலப்பக்கம் திரும்பும். எனக்கு வெளிப்பக்கம். இரண்டாவது கியர். ஞாயிறு விடியலில் பைக்காரர்கள் கூட்டமாக மேலே போய், பத்து மணி வாக்கில் இறங்குவார்கள். வளைவில் வண்டியை எவ்வளவு சாய்க்க முடியும் என்று பார்ப்பது அவர்களுக்கு விளையாட்டு. முதல் பைக் என்னைக் கடந்து கீழே போயிற்று. அடுத்த பைக் திரும்ப முடியாமல் கோட்டைத் தாண்டி விலகி என் பக்கம் வந்தது. பிரேக் அடித்தேன். பையன் விழுந்து சறுக்கிக்கொண்டே வந்து முன்பம்பருக்கு அடியில் நின்றான். தொடை எலும்பும் காறை எலும்பும் முறிந்துவிட்டன. கோவைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

பஸ்ஸில் யாருக்கும் அடியில்லை. விசாரணை முடியும்வரை வண்டி எடுக்க வேண்டாம் என்று உத்தரவு.

இதை அப்படியே கடிதத்தில் எழுதிவிட வேண்டியதுதான்.

மார்ச் 5, புதன்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் மாற்றினேன். அதற்கே பொழுது போய்விட்டது.

மார்ச் 7, வெள்ளி

ஜாபர் வந்திருந்தார். ஒன்பது வருடமாக என் வண்டிக் கண்டக்டர். பையனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். பெயர் ஹரிபிரசாத், வயது இருபத்து மூன்று. நம் பக்கம் தப்பே இல்லை, போலீஸே அளந்து பார்த்துவிட்டார்கள், வண்டி கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது என்று மூன்று தடவை சொன்னார்.

விபத்து நடந்த பிறகு நான் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஜாபர்தான் சொன்னார். முதலில் போன பைக் கீழ் வளைவிலிருந்து திரும்பி வந்ததாம். அதை ஓட்டியவர் இறங்கி ஓடி வந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பையனின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"பொண்ணு மாதிரி இருந்துச்சுங்கண்ணா. கடைசி வரைக்கும் ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல."

டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

சிந்துஜா இன்று வீட்டில் இருந்தாள். என் மகள், ஒரே பிள்ளை. கிணத்துக்கடவு பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. போன ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியில் ஓவர்டைம் என்று விடியலிலேயே கிளம்பிவிடுவாள். இன்று ஓவர்டைம் இல்லை போலிருக்கிறது.

அவள் பைக் வாசலில் நின்றது. பச்சை நிறம், இருநூறு சிசி. ஒரு வாரமாகத் தூசி படிந்து கிடந்ததால் கழுவினேன். டயரைப் பார்த்தேன். பொள்ளாச்சியிலிருந்து கிணத்துக்கடவுக்கு ரோடு நேர்க்கோடு மாதிரி இருக்கும். அந்த ரோட்டில் போய் வருகிற வண்டிக்கு டயர் நடுவில்தான் தேயும். இது இரண்டு ஓரமும் வழித்துவிட்ட மாதிரி தேய்ந்திருந்தது.

செயினுக்கும் எண்ணெய் போட்டேன். ஹெல்மெட்டைத் துடைத்து உள்ளே வைத்தேன். அதன் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒன்று உண்டு. இருட்டில் தெரியட்டும் என்று டெப்போவிலிருந்து கொண்டுவந்து நான்தான் ஒட்டிக் கொடுத்தேன்.

மத்தியானம் என் மனைவி ருக்மணி கோழிக் குழம்பு வைத்தாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

மார்ச் 12, புதன்

கிளை மேலாளர் போன் செய்தார். நல்ல மனிதர். நாலு வரி போதும், நான் என் பக்கத்தில் போனேன், எதிரே வந்தவர் கோட்டைத் தாண்டி வந்தார், பிரேக் போட்டேன் என்று எழுதிக் கொடுங்கள், முடித்துவிடலாம் என்றார். அத்தனையும் உண்மைதான். எழுதியும் விட்டேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்தேன். மை தீர்ந்த பேனா மாதிரி கை நகரவில்லை.

திங்கட்கிழமை வரை டைம் கேட்டிருக்கிறேன்.

ரேஷன் கடைக்கு நடந்தே போய் வந்தேன். மொபெட்டை எடுங்களேன், பன்னிரண்டு கிலோ அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டா வருவீர்கள் என்று ருக்மணி கேட்டாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்றேன். விபத்துக்கு அடுத்த நாளிலிருந்து எங்கே போனாலும் நடந்துதான் போகிறேன். வெயிலும் அவ்வளவாக இல்லை.

மார்ச் 15, சனி

காலையில் ருக்மணி தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே சொன்னாள். நாளைக்குச் செட்டிபாளையம் பக்கம் இருக்கிற ரேஸ் ட்ராக்கில் சிந்துஜாவுக்கு ஒரு நாள் பயிற்சியாம். வளைவில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறார்களாம். பணம் கட்டிவிட்டாளாம். நானும் கூடப் போக வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று முழுதாக எழுத மனமில்லை. ஒரு பையன் கால் உடைந்து கிடக்கிறான், இப்போது போய் ரேஸா என்று கேட்டேன். சிந்துஜா கதவு ஓரமாக நின்றிருந்தாள். எதிர்த்துப் பேசுகிற பிள்ளைதான், ஆனால் இன்று மெதுவாகத்தான் பேசினாள்.

"ரேஸ் இல்லீங்ப்பா. எனக்கு வளைவுல ஓட்டத் தெரியாது. தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன். ரோட்டுல அதப் பழகக் கூடாதுங்ப்பா. பழகறதுன்னா அங்கதான் பழகோணும்."

உனக்கு எதற்கு வளைவு, கிணத்துக்கடவுக்கு வளைவே கிடையாதே என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ருக்மணி மெஷினை நிறுத்திவிட்டு, "ரெண்டு பேரும் போயிட்டு வாங்" என்றாள். மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

விடியலில் கிளம்பினோம். அவள் பைக்கில் முன்னால் போனாள், நான் டவுன் பஸ் பிடித்துப் போனேன். பயணியாக உட்கார்ந்து போய் எத்தனையோ வருடம் ஆகிறது. டிரைவர் பின்னால் ஒரு கம்பி இருக்குமே, அதைப் பிடித்துக்கொண்டே போனேன்.

ட்ராக் என்றால் ஏதோ சர்க்கஸ் மைதானம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. இருபது பேர் வந்திருந்தார்கள், நாலு பேர் பெண்கள். முதலில் ஒவ்வொரு வண்டியாகச் சோதித்தார்கள். பிரேக், செயின், டயர் காற்று. எங்கள் டெப்போவில்கூட இவ்வளவு பார்த்து நான் கண்டதில்லை. சைடு கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். இங்கே பின்னால் பார்க்கும் வேலையே கிடையாது, எல்லோரும் ஒரே திசையில்தான் போவார்கள், முன்னால் மட்டும் பார்த்தால் போதும் என்றார்கள்.

சிந்துஜா தன் வண்டியின் கண்ணாடிகளைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சொல்லிக் கொடுத்தவர் மெர்லின் என்ற பெண், நாகர்கோவில்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். வளைவில் எங்கே பிரேக், எங்கே திரும்புவது, எங்கே உள் ஓரத்தைத் தொடுவது என்று தரையில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார். வேகத்தையெல்லாம் வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும், உள்ளே போன பிறகு பிரேக்கைத் தேடினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம் என்றார். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும், அதனால் வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள் என்றார். பிறகு ஒன்று சொன்னார். அதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இங்க ரோடு முழுசும் உங்களுக்குத்தான். வெளியில இருந்து உள்ள வந்து மறுபடி வெளிய போகலாம், எதுக்கால யாரும் வர மாட்டாங்க. இத அப்படியே கொண்டுபோய் மலை ரோட்டுல செஞ்சா, அந்த வெளியங்கிற இடத்துல ஒரு பஸ் நிக்கும்."

பஸ் என்று அவர் சும்மா உதாரணத்துக்குத்தான் சொன்னார். நான் குனிந்து மடியிலிருந்த கண்ணாடியைத் துடைத்தேன்.

பதினொரு மணி இருக்கும். மூன்றாவது வளைவில் சிந்துஜா விழுந்தாள். வண்டி ஒரு பக்கம் சறுக்க, அவள் ஒரு பக்கம் சறுக்கிக்கொண்டு ஓரத்து மண்ணுக்குள் போனாள். நான் எப்போது எழுந்தேன், எப்போது தடுப்பு வரை ஓடினேன் என்று தெரியவில்லை. கொடி பிடித்திருந்தவர் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். மஞ்சள் கொடி ஆடியது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றது. மோதுவதற்கு அங்கே மரமில்லை, பாறையில்லை, எதிரே வருகிறவர் யாரும் இல்லை. அவள் எழுந்து, தோல் உடுப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கை காட்டினாள்.

விழுகிறவர்களுக்கென்றே இடம் விட்டு ஒரு ரோடு போட்டிருக்கிறார்கள். பதினேழு வருடத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை.

டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றார். டீ வாங்கிக்கொண்டு டயர் அடுக்கின் மேல் அருகருகே உட்கார்ந்தோம்.

"அப்பா, அன்னைக்கு முதல்ல எறங்குன வண்டி நான்தானுங்ப்பா."

"தெரியும் அம்மிணி."

"எப்படிங்ப்பா?"

"கண்ணாடில பாத்தேன். அந்தச் சிவப்புப் பட்டை."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வளைவு, பார்வை என்று காலையிலிருந்து படித்த பிள்ளை. அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப ஹரி வரும்போது நீங்க..."

"உன்னயப் பாத்துட்டு இருந்தேன். ஒரு நொடிதான். அப்பறந்தான் முன்னால பாத்தேன், அப்பறந்தான் பிரேக்கு."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த டைரியிடம்கூட.

அவள் அழுதாள். திரும்பி வந்தபோது என் முதுகு தெரிந்ததாம். அப்பா திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லையாம். திரும்பிப் பார்த்தால் அது நீதான் என்று உறுதியாகிவிடும், அதனால்தான் நான் திரும்பவில்லை என்று சொன்னேன். பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறோம்.

மெர்லின் வந்து, மத்தியானம் ஓட்டுகிறாயா, வேண்டாமா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். ஓட்டு என்றேன்.

மார்ச் 17, திங்கள்

கடிதம் எழுதி முடித்தேன். முக்கால் மணி நேரம்தான் ஆயிற்று.

மேலாளர் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். முன்னால் கடந்து சென்ற வாகனம் என் மகளுடையது என்பதால் ஒரு நொடி பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், அதனால் பிரேக் போடத் தாமதமானது என்ற வரியின் மேல் விரலை வைத்தார்.

"இந்த வரி வேணுங்களா சென்னியப்பன்?"

வேண்டும் என்றேன். முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்.

ஜாபருக்கு என் மேல் பயங்கரக் கோபம். வெளியே டீக்கடையில் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீயை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 19, புதன்

ருக்மணிக்கு விபத்து நடந்த அன்றே எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலம் சிந்துஜாவின் ஜாக்கெட்டில் இருந்த ரத்தக் கறையை ஊற வைத்துத் துவைத்தவள் அவள்தான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதை நான் நடுவில் புகுந்து சொன்னால் அது சொன்னதாகுமா என்று கேட்டுவிட்டு, பட்டன் தைக்கப் போய்விட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

சிங்காநல்லூரில் ஹரிபிரசாத் வீட்டுக்குப் போனோம். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். சிந்துஜாவோடு வேலை பார்க்கிற பையன். ஞாயிறு பைக் கூட்டத்தில் அவனைச் சேர்த்ததே இவள்தானாம். அவனுடைய அம்மா எங்களை உள்ளே விட்டாரே தவிர, வாங்க என்று சொல்லவில்லை. அதில் தப்பேதும் இல்லை.

என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. தம்பி, நீ வந்தபோது என் கண் ரோட்டில் இல்லை, அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று மட்டும் சொன்னேன். கடிதத்திலும் அதை எழுதியிருக்கிறேன் என்றேன்.

அவன் மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், நான் இவள எட்டிப் புடிக்கணும்னு வந்தேன். உள்ள போனதுமே தெரிஞ்சிருச்சு, வண்டி திரும்பாதுன்னு. உங்க பம்பரத்தான் பாத்துட்டு இருந்தேன், வேற எங்கயும் கண்ணு போகல. நீங்க என்னப் பாத்திருந்தாலும் நான் அங்கதான் வந்திருப்பேன்."

ஒரு நொடி முன்னால் பிரேக் போட்டிருந்தால் கால் தப்பியிருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றான். இல்லை என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்த அவன் முயலவில்லை. அதனாலோ என்னவோ, அவன் சொன்ன மற்றதையும் நம்ப முடிந்தது.

எழுந்து கிளம்பும்போது அவன் அம்மா சமையலறையிலிருந்து வந்து, காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தோம்.

மார்ச் 29, சனி

மொபெட்டை எடுத்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பினேன். பெட்ரோல் இல்லாததால்தான் திரும்பினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சிந்துஜாவுக்கு இரண்டாவது பயிற்சி. இந்தத் தடவை விழவில்லை. ட்ராக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் போன தடவை முரட்டுத்தனமாகத் திரும்பிய இடத்தில் இன்று தண்ணீர் வளைகிற மாதிரி வளைந்து போனாள்.

மத்தியானம் மெர்லின் என்னிடம் வந்தார். சிந்துஜா சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. பஸ் டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் பைக்காரர்கள் எப்படித் தெரிகிறார்கள் என்று இவர்களுக்குச் சொல்வீர்களா என்று கேட்டார். எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது என்றேன். மேடையில்லை, சாக்பீஸ்தான் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார். நல்ல சாமர்த்தியம்.

தரையில் ஒரு கொண்டை ஊசி வளைவை வரைந்தேன். பஸ்ஸை வரைந்தேன். இடப்பக்கம் திரும்பும் வளைவில் ஏறும்போது பஸ்ஸின் முகம் எதிர்ப்பக்கம் வரை போய்த்தான் திரும்பும், எங்களுக்கு வேறு வழி கிடையாது, அந்த நேரத்தில் ரோடு மொத்தமும் எங்களுக்கு வேண்டும் என்று காட்டினேன். கீழே இறங்குகிற நீங்கள் எந்த இடத்தில் நின்றால் எனக்குத் தெரிவீர்கள், எந்த இடத்தில் என் கண்ணுக்கே தெரிய மாட்டீர்கள் என்று கோடு போட்டேன். தெரியாத இடம் பெரிதாக இருந்ததைப் பார்த்து எல்லோரும் கிட்டே வந்து குனிந்தார்கள். நிறைய கேட்டார்கள். ஹார்ன் அடித்தால் உங்களுக்குக் கேட்குமா, மழையில் பஸ் எவ்வளவு தூரத்தில் நிற்கும், இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் யார் நிற்க வேண்டும். சாக்பீஸ் தீர்ந்துபோய் இன்னொன்று வாங்கினேன்.

கடைசியில், ஒரு பையன் விழுந்து அடிபட்டதில் என் பங்கும் உண்டு என்று சொன்னேன். ஒரு நொடி கண்ணை எடுத்தேன் என்றேன். அதன்பிறகு வண்டி எடுக்கப் போனபோது அவர்கள் முகம் வேறு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. எழுத்து மூலம் எச்சரிக்கை, மூன்று நாள் மறுபயிற்சி, அதற்குப் பிறகு வேலை. உடுமலை லைன் காலியாக இருக்கிறது, நேர் ரோடு, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மேலாளர். ஒரு நாள் யோசிக்கக் கேட்டேன்.

ஜாபர் பேசிவிட்டார். நீங்கள் உடுமலைக்குப் போனால் நான் வேறு டிரைவரோடுதான் போக வேண்டும், வயதான காலத்தில் என்னை அலைய விடாதீர்கள் என்றார். அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

வால்பாறையே இருக்கட்டும் என்று சாயங்காலமே போனில் சொல்லிவிட்டேன். மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டு ஆனைமலை வரை போய் வந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

முதல் டியூட்டி. சிந்துஜா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். டிக்கெட் எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினேன். முதல் வளைவில் ஹார்ன் அடித்து, நிறுத்தி, எதிரே ஒன்றும் வரவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது, மூன்றாவது. எண்ணுவதை எந்த வளைவில் விட்டேன் என்று தெரியவில்லை. அட்டகட்டி வந்தபோதுதான், பதினான்கு தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது என்று உறைத்தது.

பஸ்ஸின் முகம் எதிர்ப்பக்கம் வரை போகும்போதெல்லாம் சிந்துஜா எட்டிப் பார்த்தாள். "நெசமாவே மொத்த ரோடும் வேணுமாட்டிருக்குதுங்ப்பா" என்றாள். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். முப்பத்தோராவது வளைவில் ஜாபரைக் கூப்பிட்டு ஒரு பாலிதீன் கவர் கேட்டாள்.

ஓரமாக நிறுத்தினேன். ட்ராக்கில் எழுபதில் சாய்ந்து திரும்புகிற பெண், பதினைந்தில் போகிற பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். பின் சீட்டு அம்மா ஒருவர் எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கொடுத்தார். ட்ராக்கில் இப்படி வராதா என்று ஜாபர் கேட்டார்.

"அங்க நானுங்கண்ணா ஓட்டறேன். இங்க அப்பாவல்ல ஓட்டறாரு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. பிறகு துடைத்துக்கொண்டு, முன்னால் பார்த்து, முதல் கியர் போட்டேன். இன்னும் ஒன்பது வளைவு இருந்தது.